கோடு நகர்ந்த ஊர்

ஈஸ்டர் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்த அன்று ஆனித்துறை மைதானம் ஓரடி சுருங்கியது. அதை முதலில் கண்டுபிடித்தது கோல்கீப்பர்கள்தான் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். மற்றவர்கள் பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, சும்மா நின்று எதிர்க் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் இருவரும்தானே என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கும் முன்னால் அதைப் பார்த்தவள் டெல்பின். மைதானத்தின் வடமேற்கு மூலையில், கார்னர் கொடி நட்ட மூங்கிலுக்குக் கையெட்டும் தூரத்தில் அவள் வீட்டு வாசல்படி இருந்தது, அந்த மூங்கிலில்தான் அவள் அடுப்படித் துணியைக் காயப் போடுவாள், அன்று சாயங்காலம் வழக்கம்போலப் படியில் நின்றபடி கையை நீட்டினாள், கை மூங்கிலைத் தொடவில்லை.

இன்னும் கொஞ்சம் எக்கிப் பார்த்தாள். பிறகு ஒரு படி இறங்கித் துணியைப் போட்டுவிட்டு, எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனாள்.

ஆனித்துறைக்கு இருந்தது ஒரே ஒரு மைதானம். அதற்குக் கிழக்கே கீழத்தெரு, மேற்கே மேலத்தெரு, தெற்கே மணலும் வள்ளங்களும் கடலும், வடக்கே சிறிய சிலுவைக் கோயில் நின்ற குருசடித் தெரு. கீழத்தெருவின் கிளப்புக்குப் பனிமய மாதா பெயர், வெள்ளைச் சட்டை. மேலத்தெருவின் கிளப்புக்குச் சவேரியார் பெயர், சிவப்புச் சட்டை. மாதாவும் சவேரியாரும் ஒரே பீடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஊரைக் காத்துவந்தாலும், அவர்கள் பெயரைச் சட்டையில் எழுதியவர்கள் ஒருவர் கல்யாணத்தில் ஒருவர் கைநனைக்காமல் இருந்த வருடங்கள் உண்டு. டெல்பின் மாதாகாரர்கள் வீட்டில் பிறந்து சவேரியார்காரர்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் தம்பி மில்டன் மாதா கிளப்பின் செயலாளர். அவள் கணவன் கஸ்பார் சவேரியார் கிளப்பின் கோல்கீப்பராக இருந்தவன். ஆட்ட நாட்களில் அவள் யாருக்கும் கைதட்டாமல் பாலில்லாத கட்டஞ்சாயாவும் பழ பஜ்ஜியும் போட்டு விற்றாள், இரண்டு பக்கத்தாரும் அவள் வாசலில் வந்துதான் சண்டை போட்டார்கள்.

மைதானம் சுருங்கத் தொடங்குவதற்கு முன்பே கஸ்பார் புயலில் போனவன். வள்ளம் கவிழ்ந்து கரை ஒதுங்கியது, கூடப் போனவர்களில் ஒருவர் உயிரோடும் மற்றவர்கள் உயிரில்லாமலும் வந்து சேர்ந்தார்கள், கஸ்பார் இரண்டு விதமாகவும் வரவில்லை. ஆத்தும பூசை வைத்துவிடலாம் என்று பங்குச்சாமியார் சொன்னபோது டெல்பின் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். கடலிலிருந்து ஏறி வருகிறவன் மணலைத் தாண்டி, மைதானத்துக்குக் குறுக்கே நேராக நடந்தால் அவள் வீட்டு நீலக் கதவில்தான் வந்து முட்டுவான், அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதனால் அவள் அந்தக் கதவுக்கு உள்ளிருந்து தாழ் போடுவதில்லை. அவனுடைய கையுறைகள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின, வெள்ளிக்கிழமைதோறும் அவற்றைத் தட்டித் தூசி எடுத்து மறுபடி மாட்டினாள்.

மைதானம் சுருங்கியது நனைந்த துணி சுருங்குவதைப்போல. கோடு மட்டும் உள்ளே வந்திருந்தால் கோடு போட்டவனை அடித்திருப்பார்கள். புல்லும், கம்பங்களும், கோலுக்கு முன்னால் காலால் தேய்ந்து வழுக்கையான மண்ணும் எல்லாம் சேர்ந்து நெருங்கி வந்தன, சுற்றிலும் யாரும் முன்பு பார்த்திராத புதிய மணல் வெளியே தெரிந்தது. முதலில் ஊர் திகைத்தது, பிறகு அந்தப் புது மணலில் வலையும் மீனும் உலர்த்த ஆரம்பித்தது. பதினொரு பேர் ஆடியது ஒன்பதாகி, ஏழாகி, ஐந்தாகியது. கடைசியில் கிழக்குக் கோல்கீப்பரும் மேற்குக் கோல்கீப்பரும் ஒரே தீப்பெட்டியைத் தூக்கிப் போட்டு வாங்கிப் பீடி பற்றவைத்தார்கள்.

எதனால் சுருங்குகிறது என்பதை யாரும் சாமியாடிச் சொல்லவில்லை, கனவிலும் வந்து சொல்லவில்லை, வாசலில் நின்று சாயா ஆற்றிக்கொண்டிருந்த டெல்பின் அதைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் வாசலில் மில்டனும், சவேரியார் கிளப்பின் செயலாளரும் கஸ்பாரின் சிநேகிதனுமான பெனட்டும் வழக்கமான சண்டையில் இருந்தார்கள்.

"எலேய் பெனட்டு, எங்க தாத்தன்மாரு கல்லு பொறுக்கி நிரத்துன கிரவுண்டு இது. எங்க கிரவுண்டு, கேட்டியா?" என்றான் மில்டன். மூங்கில் ஒரு விரல்கடை நகர்ந்தது.

"ஒனக்க தாத்தன் கல்லு பொறுக்கினது கள்ளுக் காசுக்குலே. மண்ணு சவேரியார் குருசடி மண்ணு. எங்க கிரவுண்டு," என்றான் பெனட்டு. மூங்கில் இன்னொரு விரல்கடை நகர்ந்தது.

"அந்தச் சொல்ல விடுங்க ரெண்டு பேரும்," என்றாள் டெல்பின். அவள் எப்போதும்போல மெதுவாகச் சொன்னதால் இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஆனால் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டது, தெரிந்துகொண்டதும் ஊருக்கு நாக்கில் ஒரு கூச்சம் வந்தது. 'எங்க' என்று சொல்ல வந்தவன் பாதியில் இருமினான். கிரவுண்டுக்குப் போறேன், கிரவுண்டுல இருந்து வாறேன் என்று மொட்டையாகப் பேசப் பழகினார்கள். 'நம்ம' என்று சொல்லிப் பார்க்கலாமே என்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். கீழத்தெருக்காரன் எதிரே மேலத்தெருக்காரனை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்வதற்கு அவனையும் உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மைதானம் கைக்குட்டையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டு தெருவும் நினைத்தது. அதுபோல, 'உங்க கிரவுண்டு' என்று விட்டுக்கொடுக்கும் சொல்லையும் அந்த ஊரில் யாரும் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

அந்த நிலைமையில்தான், கால்பந்து அணிகளை வாங்கி நடத்தும் ஒரு கம்பெனியிலிருந்து நிரஞ்சன் வந்தான். பட்டணத்துப் பையன், வெயிலைக் கண்டு முகம் சுளிக்காதவன், யார் தோளிலும் கைபோடக் கூசாதவன். காரிலிருந்து இறங்கி, டெல்பினின் வாசலில் நின்று, பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டே பேசினான்.

"நம்ம ஊரு சூப்பர்ணே. நம்ம பசங்க காலு இருக்கே, அதுல கடவுள் இருக்காருண்ணே. ஆனா நம்ம கிரவுண்டு ஏன் இப்படிக் கெடக்கு? நம்ம கிரவுண்டை நம்மதானேண்ணே பாக்கணும்?"

அவன் பேசப் பேச மணல் சரசரவென்று ஓசையிட்டது, புல் தன்னைத் தானே விரித்துக்கொண்டது, கம்பங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நடந்தன, மூங்கில் தத்தித் தத்தி வந்து டெல்பினின் கைக்கெட்டும் இடத்தில் நின்றது. அவள் தோளில் கிடந்த துணியை அதில் போட்டாள். கூட்டத்தில் சிலர் அழுதார்கள். அன்று சாயங்காலமே பதினொரு பேருக்குப் பதினொரு பேர் ஆடினார்கள்.

கம்பெனியின் திட்டத்தை நிரஞ்சன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். இரண்டு கிளப்பையும் கம்பெனி வாங்கி ஒன்றாக்கும், மைதானம் இருக்கும் இடத்தில் பெரிய ஸ்டேடியம் வரும், கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் ஸ்டேடியத்துக்கு, கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் ஊருக்கு. இதில் மறைக்க ஒன்றுமில்லை என்பதால் அவன் மறைக்கவும் இல்லை. அதன்பிறகு மழை வரும்வரை டெல்பினின் வாசலில் வேறு பேச்சே கிடையாது.

"வெளிநாட்டுல இருந்து கோச்சு வருவாரு, தெரியுமா?" என்றான் மில்டன்.

"வந்து? ஒனக்க கால மாத்திப் போடுவாரா?" என்றான் பெனட்டு.

"கேலரி வரும், லைட்டு வரும், டிவியில காட்டுவான்."

"டிவியில ஒன்ன யாருலே பாக்கப் போறா? ஒனக்க பெண்டாட்டியே ஒன்ன நேர்ல பாக்க மாட்டா."

சிரிப்பு அடங்கியதும் பெனட்டு டம்ளரைக் கீழே வைத்தான். "ஒண்ணு கேக்கேன், சொல்லு. ஓனரு யாரு? இப்ப சவேரியார் தோத்தா எனக்க வீட்டு முன்னாடி வந்து எனக்க அம்மையச் சேத்து ஏசுதான். சரி, ஏசட்டு. நாளைக்குத் தோத்தா மெட்ராஸ்ல ஏசி ரூமுல இருக்கவன எங்கன போயி ஏசுவே? பஸ்ஸு பிடிச்சுப் போயா ஏசுவே?"

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா கப்பு எந்த அலமாரிக்குப் போவும்? அதச் சொல்லு."

"சட்டை என்ன கலருன்னு கேட்டியா?" என்று மில்டன் பேச்சை மாற்றினான். "வெள்ளையும் செவப்பும் சேந்து ஒரே கலராம்."

"ரோசு."

"ஆமா, ரோசுதான்."

"ரோசுச் சட்டை போட்டுக்கிட்டு நான் கல்லறைக்குள்ளகூட இறங்க மாட்டேன்," என்றான் பெனட்டு. அதில் மட்டும் இரண்டு தெருவும் ஒத்துப்போனது.

டெல்பின் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள். "ஸ்டேடியம்னா சுவரு வருமா?"

"சுவரு இல்லாம டிக்கெட் எப்படி அக்கா குடுப்பான்?" என்றான் மில்டன்.

"கடலுக்கும் வீட்டுக்கும் நடுவுலயா?"

தம்பி சாயாவை ஊதிக் குடித்தான். பெனட்டுதான் சொன்னான், "அதெல்லாம் பெரிய கேட்டு வச்சிருப்பான் மயினி. கேட்டு வழியா வரலாம்." யார் வரலாம் என்பதை அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மழை விட்டதும் இரண்டு கிளப்பும் கையெழுத்துப் போட்டன. மேளம் வைத்தார்கள், வெடி போட்டார்கள், நிரஞ்சனுக்கு மாலை போட்டார்கள். மறுநாளே ஊர் முகப்பில் பலகை நின்றது: 'நம்ம ஊரு! நம்ம டீமு! நம்ம ஸ்டேடியம்!' அதே சொற்களை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போனது, பள்ளிப் பிள்ளைகளின் தொப்பியில் அதுவே இருந்தது, ஊரில் யாரைக் கைபேசியில் கூப்பிட்டாலும் அவர் எடுக்கும்வரை அதுவே ஒலித்தது, சொல்லச் சொல்ல மைதானம் வளர்ந்துகொண்டே இருந்தது. நிற்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, கைக்குட்டையில் ஆடிச் சலித்தவர்களுக்கு விரிவது எல்லாமே நல்லதாகத்தான் தெரிந்தது.

கோடு தெற்கே மணலைத் தாண்டி அலைக்குள் இறங்கியது, அலை போய் வந்த பிறகும் தண்ணீரின் மேல் வெள்ளையாக அப்படியே கிடந்தது, வள்ளங்கள் கோட்டைத் தாண்டிக் கடலுக்குப் போய்க் கோட்டைத் தாண்டிக் கரைக்கு வந்தன, வலை வீசுகிறவனைப் பார்த்து யாராவது 'த்ரோ தப்பு' என்று விசிலடித்தார்கள். கிழக்கே அது கீழத்தெருவின் கதவடியில் வெள்ளெறும்பு வரிசைபோல நுழைந்தது. அமலோற்பவத்தின் அடுப்பு பெனால்டி ஏரியாவுக்குள் போய்விட்டது, அங்கே கையால் தொடக்கூடாது என்று மாமியார் விளையாட்டாகச் சொன்னதை வினையாக எடுத்துக்கொண்டு அவள் நாள் முழுக்க எல்லாவற்றையும் அகப்பையாலேயே நகர்த்தினாள். மேலத்தெருவில் ஒரு புதுமண ஜோடியின் கட்டிலுக்குக் குறுக்கே ஏதோ ஒரு கோடு ஓடியது, அவள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் படுத்துக்கொண்டு, விசில் ஊதாமல் யாரும் தாண்டக்கூடாது என்று சிரித்தார்கள். ஊர் அப்படி எல்லாவற்றையும் சிரித்தே பழகியது, மண்வாரி எந்திரம் வரும்வரை.

எந்திரத்தோடு வந்தவர்கள் மரியாதையானவர்கள். கோட்டுக்கு உள்ளே வந்துவிட்ட வீட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "நம்ம நல்லதுக்குத்தானே அக்கா" என்றார்கள். சட்டிபானையை அவர்களே தூக்கி வெளியே வைத்தார்கள். அமலோற்பவம் அகப்பையைக் கையில் பிடித்தபடி தெருவில் நின்று தன் அடுப்பு மண்ணாவதைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஊர் கூடியது. கோயில் முற்றத்தில் மில்டனும் பெனட்டும் ஒரே மேடையில் ஏறியதைப் பார்த்துக் கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "இனி கிழக்கு மேற்கு கெடயாது," என்று மில்டன் தொண்டை கிழியக் கத்தினான். "நாம எல்லாம் ஒண்ணு! இது நம்ம கிரவுண்டு!" கூட்டம் எழுந்து நின்று அதையே திருப்பிச் சொன்னது. அந்த ஊரின் சரித்திரத்தில் இரண்டு தெருவும் ஒரே குரலில் ஒரு சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை. சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களில் பலருக்கு வீடு கோட்டுக்கு வெளியே இல்லை. கோடு ஒரே மூச்சில் அலைபோலத் தாவி இரண்டு தெருக்களையும் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது.

அப்படியானால் பழையபடி சண்டை போட்டுச் சுருக்கிவிடலாம் என்று முடிவாகியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பெட்டியிலிருந்து பழைய வெள்ளையையும் சிவப்பையும் எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் எதிர் எதிரே நின்றார்கள்.

"எங்க கிரவுண்டு!" என்றான் மில்டன். கோடு அசையவில்லை.

"எங்க கிரவுண்டு!" என்றான் பெனட்டு. கோடு அசையவில்லை.

"கோபமாச் சொல்லுலே."

"நீ கோபப்படுத்து."

"கோப்பை ஃபைனல்ல பெனால்டிய வானத்துல அடிச்சவன்தானே நீ? இன்னும் அந்தப் பந்து கீழ வரலன்னு கேள்வி."

பெனட்டு பதிலுக்கு மில்டனின் தாத்தாவைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான், ஆரம்பித்தவன் பாதியில் சிரித்துவிட்டான், சிரிப்பு வேறு எதுவோ ஆகி மில்டனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். விற்றுவிட்ட கிளப்பின் சட்டைக்குள் நின்றுகொண்டு அந்தச் சொல்லை எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் அது உமியாகப் பறந்து போனது. கூட்டம் மெதுவாகக் கலைந்தது.

குருசடித் தெருவில் மட்டும் கோடு ஒரு இடத்தில் தயங்கி நின்றது. டெல்பினின் வீட்டுக்கு முன்னால் வந்ததும் அது வளைந்து, ஓடையில் கல் கிடந்தால் தண்ணீர் விலகுவதுபோல இரண்டு பக்கமும் விலகி ஓடியது. எல்லாரும் வந்து அந்த வளைவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவளிடம் எந்த மந்திரமும் இல்லை. பால் ஊற்ற வருகிறவனிடமும், கணக்கெடுக்க வந்தவர்களிடமும், சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கையுறைகளிடமும் அவள் "எங்க வீடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

நிரஞ்சன் அவளைப் பார்க்க வந்தான். படியில் உட்கார்ந்து சாயா வாங்கிக் குடித்தான்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. எங்க வீடு, எங்க வீடுங்கறீங்க. வீட்டுல நீங்க ஒருத்தர்தானே?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாவ."

"மத்தவங்க சும்மா சொல்றாங்கக்கா. நீங்க ஆளை எண்ணிப் பாத்துச் சொல்றீங்க."

அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய கையுறைகளைத் திரும்பிப் பார்த்தாள். இதே கேள்வியை மில்டனும் ஒருநாள் வேறு மாதிரி கேட்டிருந்தான், ஒத்தைக்கு இருந்துக்கிட்டு இன்னும் எத்தன காலம் அக்கா என்று. வாசலுக்கு வெளியே கோடு மெல்லப் படியேறியது. அவள் அதைப் பார்த்தாள், அவனும் பார்த்தான்.

"கஸ்பார் அண்ணன் எவ்வளவு பெரிய கோல்கீப்பர்னு ஊரே சொல்லுது. அவர் பேர்லயே வடக்குப் பக்கம் ஒரு கேலரி வைப்போம். கடலைப் பார்த்த மாதிரி. நம்ம கஸ்பார் கேலரி. என்ன சொல்றீங்க? அவர் நம்ம கஸ்பார் தானேக்கா?"

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று டெல்பின் பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறாள். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கோடு நிலைப்படியைத் தாண்டியது, சிமெண்டுத் தரையில் வெள்ளையாக ஓடியது, கதவுக்குப் பின்னால் திரும்பி, கையுறைகள் தொங்கிய ஆணிக்கு நேர் கீழே போய் நின்றது. வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள் அப்போதும் உயர்த்தவில்லை. வாசலுக்கு வெளியே, அடிவானம்வரை விரிந்துவிட்ட அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு எங்க ஆளு. கிரவுண்டு உங்க கிரவுண்டு. உங்க கிரவுண்ட நீங்களே வச்சுக்கிடுங்க தம்பி, எங்க வீட்ட விட்டுருங்க."

கோடு செத்தது. அப்படித்தான் அவள் பிறகு சொன்னாள். அதுவரை ஏதோ ஈரமும் மினுமினுப்புமாக இருந்தது ஒரு நொடியில் வெறும் சுண்ணாம்புப் பொடியானது. அவள் விளக்குமாறு எடுத்துவந்து கூட்டினாள், தரையில் தடம்கூட இல்லாமல் வந்துவிட்டது. நிரஞ்சன் காலை ஒதுக்கிக்கொண்டான். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போகும்போது அவன் முகத்தில் வருத்தம் ஏதும் இல்லை, அவனுக்கு வேண்டிய அளவு அதற்குள் கிடைத்திருந்தது.

செய்தி பரவியது. ஆனால் அவள் சொன்னது அவள் வாசலுக்கு நேரே இருந்த கோட்டை மட்டும்தான் சாகடித்தது, மற்ற இடத்தில் அது இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. மிச்சமிருக்கும் வீடுகள் மிஞ்ச வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் போய்த் தன் வாயால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் புரிந்தது, புரிந்த பிறகும் ஒரு வாரம் யாரும் போகவில்லை. அந்த வாரத்தில் இன்னும் வீடுகள் போயின.

போன அன்று எல்லாரும் குளித்து, கோயிலுக்குப் போகும் உடுப்பில் வந்தார்கள். யாரும் சொல்லித்தராமலே வரிசையில் நின்றார்கள், குழியில் மூன்று பிடி மண் போட நிற்பதைப்போல. ஒவ்வொருவராகக் கோட்டருகே போய், குனிந்து, "உங்க கிரவுண்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். அந்தப் பக்கம் கேட்டுக்கொள்ள யாரும் இருக்கவில்லை, மண்வாரி எந்திரம் மட்டும் நின்றது. அமலோற்பவம் அகப்பையோடு வந்து சொன்னாள். கோல்கீப்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொன்னார்கள். பெனட்டு சொன்னபோது ஒன்றும் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது, அதுவே போதுமாயிருந்தது. மில்டன் கடைசி ஆள். அவன் மூன்று முறை வாயைத் திறந்தும் 'எங்க' என்றே வந்தது, டெல்பின்தான் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் செபம் சொல்லிக்கொடுத்ததுபோல, "உ" என்று ஆரம்பித்துவைத்தாள். அவன் சொன்னான். தெற்கே அலையின் மேல் கிடந்த வெள்ளைக் கோடு கரைந்து தண்ணீரோடு போனது. மைதானத்தின் புல் அன்றைக்கே பழுக்க ஆரம்பித்தது. அதனால் கம்பெனிக்கு ஒன்றும் நஷ்டமில்லை, வேறு புல்லைப் பாய்போலச் சுருட்டி லாரியில் கொண்டுவந்து விரித்தார்கள்.

பிறகு சுவர் எழும்பியது. டெல்பினின் வீடு தப்பியது, வீட்டோடு நீலக் கதவும் தப்பியது. கதவைத் திறந்தால் படி, படியிலிருந்து கையை நீட்டினால் சுவர். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது, சத்தமும் சுவரில் மோதி எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. ஒரு கேட்டு வைத்திருந்தார்கள், அது ஊரைச் சுற்றிக்கொண்டு போனால் மேற்கே இருந்தது, சீட்டு இருப்பவர்களுக்கு. பெனட்டு பிழைப்புக்காகக் கொல்லம் பக்கம் மீன்பிடிக்கப் போனான். ஊரில் சிலருக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று சொன்னார்கள், யார் யாருக்கு என்று அவள் விசாரிக்கவில்லை. மில்டன் அவள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்து, பிறகு நிறுத்தினான். சாயா குடிக்க ஆளில்லாததால் அவள் பஜ்ஜிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். கதவுக்கு மட்டும் இன்னும் தாழ் போடவில்லை. தேடித் தேடி வருகிறவன் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாலும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்துதானே ஆகவேண்டும் என்று வைத்திருந்தாள்.

முதல் ஆட்டத்தன்று எங்கிருந்தோ பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். சாயங்கால வெயில் சுவரின் தலையில் மட்டும் இருந்தது. அவள் படியில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தின் ஆரவாரத்தை வைத்து ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் பார்த்தாள், எந்த ஆரவாரம் யாருக்கு என்று பிரிக்கத் தெரியவில்லை. அப்போது சுவரைத் தாண்டி ஒரு பந்து வந்து விழுந்து, படியில் மோதி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே உருண்டு, கையுறைகளுக்குக் கீழே போய் நின்றது. அவள் போய் எடுத்தாள். புதுப் பந்து. ஒரு பக்கத்தில் 'நம்ம' என்று அச்சடித்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஏணி வைத்து ஏறும் சத்தம் கேட்டது. முதலில் ரோசு நிறத் தொப்பி தெரிந்தது, பிறகு ரோசு நிறச் சட்டையின் தோள், அதில் கம்பெனியின் முத்திரை. வெயில் கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"அக்கா," என்றான் மில்டன், "எங்க பந்து அங்கன வந்து விழுந்துச்சா?"

டெல்பின் பந்தோடு படிக்கு வந்தாள். அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் அவள் கண் சுவரின் அடிக்குப் போனது, அந்தச் சொல் சொல்லப்பட்டால் ஒரு விரல்கடையாவது எதுவாவது நகரும் என்று. சுவர் சுவராகவே நின்றது.

"உங்க பந்துதான்," என்றாள். "இந்தா."

தூக்கிப் போட்டாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள். தொப்பி கீழே இறங்கியது.

அவள் உள்ளே போனாள். கையுறைகளை ஆணியிலிருந்து எடுத்து, தட்டாமல், தூசியோடு மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "எனக்க வீடு" என்று, கேட்க யாருமில்லாத அறையில், ஆளை எண்ணிப் பார்த்துச் சொன்னாள். பிறகு நீலக் கதவைச் சாத்தி, துருப்பிடித்து இறுகியிருந்த தாழை இரண்டு கையாலும் தள்ளிப் போட்டாள்.